பின்சீட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ பேச ஆரம்பித்தால் நடுவே நுழைய எனக்குச் சந்து கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அப்பா எனக்குப் பதிலாக அவரே பதில் சொல்லிவிடுகிறார். அலுவலக விஷயம் ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான்.

இங்கே அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பாவின் பெருமைதான் குறையவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் ரத்த வங்கியே தன் பெண் கையில்தான் இருக்கிறது என்கிறார். நம் வீட்டில் முதல் பட்டதாரி, ரத்த வங்கியின் கணினிப் பிரிவில் கடைசிப் படி என்பதை அவரிடம் யார் சொல்வது? உன் இடுப்பு வலி எப்படி? அண்ணி சௌக்கியமா?

விஷயம் இதுதான். எங்களிடம் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஒரு பார்கோடு உண்டு. அதைக் காட்டினால் திரையில் பச்சையோ சிவப்போ வரும். பச்சை என்றால் வார்டுக்குக் கொடுக்கலாம். சிவப்பு என்றால் தொடக்கூடாது. சில வாரங்களாகத் திரை நகரவே மாட்டேன் என்றது. வார்டுகளிலிருந்து ஒரே சத்தம். தேடிப் பார்த்ததில் டேட்டாபேஸில் குற்றமில்லை. சர்வரில் டிஸ்குகளை மேய்க்கும் கார்டின் பேட்டரி செத்திருந்தது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒவ்வொரு சவாரிக்கும் வண்டியை ஓரங்கட்டி டிரிப் ஷீட்டில் கிலோமீட்டரை எழுதினால் உனக்குப் பொழுது அதிலேயே போய்விடும். மனதில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடம் 'எழுதிட்டேன்' என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் மொத்தமாக எழுதுவாய். டிஸ்க்கும் அப்படித்தான். வருவதையெல்லாம் கார்டில் உள்ள சின்ன நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, தட்டில் எழுதும் முன்பே 'எழுதியாச்சு' என்று டேட்டாபேஸிடம் சொல்லிவிடும். இதற்கு ரைட் கேஷ் என்று பெயர். டேட்டாபேஸும் அதை நம்பித் திரையில் 'பதிவாகிவிட்டது' என்று காட்டும். வேகத்துக்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். ஆனால் நடுவில் மின்சாரம் போனால், நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போச்சு. அப்படிப் போகாமல் காப்பாற்றத்தான் அந்தப் பேட்டரி. அது செத்ததும், இனி எழுதி முடித்த பிறகுதான் சொல்வேன் என்று கார்டு தானாகவே மாறிக்கொண்டது. மெத்தனம் என்று எல்லோரும் திட்டியது அதன் ஜாக்கிரதையைத்தான்.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு வேகம் சார் என்று பட்டப்பெயர். அவர் வந்தார். 'பேட்டரி இல்லாவிட்டாலும் முன்போலவே செய்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை அழுத்தினார். திரை பறந்தது. ஆய்வகத்தில் கைதட்டினார்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். "ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு, அழகுக்கா?" என்றார். ஜெனரேட்டர் ஓட ஆரம்பிப்பதற்குள் சர்வர் அணைந்துவிடும். சர்வருக்கு இருந்த யுபிஎஸ்ஸைத் தன் மேஜைக் கணினிக்கு மாற்றிக்கொண்டவரும் அவர்தான்.

புதுப் பேட்டரி கேட்டு அவர் எழுத மாட்டார். எழுதினால் இத்தனை நாள் எப்படி ஓட்டினாய் என்று கேட்பார்களாம். நானும் தனியாக எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் தலைமை அலுவலகத்தின் கொள்முதல் அதிகாரியைத் தினமும் வண்டியில் அழைத்துப் போகிறவன் நீ. இறங்கும் நேரத்தில் ஒரு வார்த்தை போட்டு வைப்பாயா? ஒரே ஒரு பேட்டரி, உள்ளங்கை அகலம்தான்.

உன் தங்கை

பிப்ரவரி 20

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

அடேயப்பா, உனக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறதா! அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி வாயைத் திறக்க மாட்டா, பேனாவைத் திறந்தா மூட மாட்டா" என்கிறாள். இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. நான் எங்கே போனாலும் கூடவே வருகிறது, என்னைப்போல அதற்கும் லீவு கிடையாது.

கணக்கைக் கண்டு பத்தாவதோடு ஓடியவன் நான். ஆனாலும் டிரிப் ஷீட் கதை நன்றாகவே புரிந்தது. கொஞ்சம் உறுத்தியது என்றுகூடச் சொல்லலாம். எங்கள் அதிகாரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் பின்சீட்டு. ஏறியதும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி பைல் பார்ப்பார். வழியில் என்ன நடந்தாலும் தலை நிமிராது. இருமினால்கூட, 'என்ன?' என்கிற மாதிரி எனக்கு முன்னால் தொங்கும் கண்ணாடியில் ஒரு பார்வை. முன்சீட்டிலிருந்து பின்சீட்டோடு பேசுவது உன் சர்வரோடு பேசுவதைவிடக் கஷ்டம்.

ஆனாலும் சொல்கிறேன். நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு செய்தி. தற்காலிக டிரைவர்களை நிரந்தரம் ஆக்கப் பட்டியல் தயாராகிறதாம். யார் யார் என்று எழுதிக் கொடுப்பவர் இவர்தான். அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே படித்துவிட்டேன். நிரந்தரமாகட்டும். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அப்பாவுக்குச் சளி, மற்றபடி நலம்.

இங்கே எல்லாம் பறக்கிறது. வேகம் சாருக்கு மாதக் கூட்டத்தில் பாராட்டு. வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ரெண்டு நாள் முழிச்சிக்கிட்டு நின்னியே, ரெண்டு தட்டு தட்டினேன், முடிஞ்சுது பாத்தியா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சிரிக்காதவர் ஒருவர்தான், ரத்தப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன் அக்கா. கணவர் இல்லாமல் இரண்டு பெண்களைத் தனியாக வளர்க்கிறார். பையில் சந்தேகம் வந்தால் சிவப்பு போடுவது அவர் வேலை. முன்பெல்லாம் பைமேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்களாம். கணினி வந்த பிறகு, இரண்டு இடத்தில் குறித்தால் குழப்பம் என்று நிறுத்திவிட்டார்கள். அவரிடம் மட்டும் பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அது சொல்றதை நம்பலாமா, வேணாமா?" என்று கேட்டார். மின்சாரம் இருக்கிறவரை நம்பலாம் என்றேன். எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை.

பின்சீட்டிடம் சொன்னாயா?

உன் தங்கை

மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அப்பாவைக் கஷாயம் குடிக்கச் சொல். இங்கே மழை வரும்போல் இருக்கிறது, வரவில்லை. வண்டிக்குப் பின்டயர் இரண்டும் மாற்றினோம்.

நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றார். கவலையை விடு.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

சின்னக் கடிதமாக இருந்தாலும் வயிற்றில் பால் வார்த்தாய். டெக்னீஷியன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். தலைமை அலுவலகத்துக்குத் தெரியும், பேட்டரி வந்துவிடும் என்றதும், "உங்கண்ணன் நல்லா இருக்கட்டும்" என்றார். அவர் மறுபடியும் சிவப்புச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். வேகம் சார் பார்த்துவிட்டு, கணினி மேல் நம்பிக்கை இல்லையா என்று எல்லோர் முன்னாலும் நக்கலடித்தார். பேட்டரிதான் வரப்போகிறதே என்று அவரும் சீட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அம்மா, அப்பா நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல். 'பார்க்கலாம்' என்றவரை இன்னொரு தடவை நினைவுபடுத்த முடியுமா? தொந்தரவு செய்கிறேன் என்று தெரியும்.

உன் தங்கை

மே 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏப்ரல் கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. போனிலும் 'வண்டில இருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே வீட்டில் எல்லோரும் நலம். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா புலம்புகிறாள். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.

நான் பயந்தது நடந்துவிட்டது.

போன வாரம் பகலில், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், ஏற்கெனவே பச்சையில் இருந்த ஒரு பையின் மறுபரிசோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டியிருக்கிறது. டெக்னீஷியன் அக்கா அதற்குச் சிவப்பு போட்டார். 'பதிவாகிவிட்டது' என்று திரை சொன்னது. எழுந்து கை கழுவப் போனார். அப்போது மின்சாரம் போனது. தெருவிலேயே ஏதோ வெடித்ததாம். ஜெனரேட்டர் உறுமி, விளக்கு வந்து, சர்வர் எழுந்து, எல்லாம் பழையபடி ஓடியது. ஒன்றும் ஆகவில்லை என்று வேகம் சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கடைசியாகச் செய்த பதிவுகள் காணாமல் போயிருந்தது யாருக்கும் தெரியாது. அந்தப் பை மறுபடி பச்சையாகியிருந்தது. கவுண்டரில் இருந்தவர் காட்டினார், பச்சை வந்தது, வார்டுக்கு அனுப்பிவிட்டார்.

சிவப்புப் பைகளைத் தனிப்பெட்டியில் போட அக்கா வந்தார். ஒன்று குறைந்தது. கவுண்டரில் கேட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினார். வார்டில் ஒரு பையனுக்கு ஏற்றச் செவிலியர் பையைக் கம்பியில் மாட்டிவிட்டார், ஊசியோடு இணைக்கவில்லை. அக்கா பிடுங்கிக்கொண்டார். அந்தப் பையனின் அம்மா, தன் பிள்ளையின் ரத்தத்தை யாரோ திருடுகிறார்கள் என்று அக்காவின் முடியைப் பிடித்துவிட்டாள்.

பையன் பிழைத்தான். அக்காவை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். கணினியில் அந்தப் பைக்குச் சிவப்பு போட்ட தடமே இல்லை. தடத்தையும் அதே டிஸ்க்தானே எழுத வேண்டும்? குறிக்க மறந்துவிட்டு, ஞாபகம் வந்ததும் ஓடியிருக்கிறார் என்கிறார்கள். "தப்பு பண்ணலைன்னா எதுக்கு அப்படி ஓடணும்?" என்று வேகம் சார் நின்று நிதானமாகக் கேட்கிறார். ஓடாமல் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்?

போகும்போது அக்கா என்னிடம், "நான் சிவப்பைப் பாத்தேன்மா. பாத்துட்டுத்தான் எழுந்தேன். நீயாவது நம்புறியா?" என்றார்.

விசாரணைக் குழு வருகிறது. நீ பின்சீட்டிடம் சொன்னதை நான் அங்கே சொல்லப் போகிறேன். உடனே எழுது.

உன் தங்கை

மே 15

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அந்தம்மாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பெரிய இடத்து விவகாரத்தில் நீ தலையைக் கொடுக்காதே. வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். என் பேரையோ எங்கள் அதிகாரி பேரையோ அங்கே இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் ஆயிரம் வேலை உள்ளவர். மறந்திருப்பார்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

அண்ணன்

மே 27

அண்ணாவுக்கு,

தைலம் வந்தது. அம்மா உன்னை மெச்சிக்கொண்டே தேய்த்துக்கொள்கிறாள்.

விசாரணை நடந்தது. குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு வயதான மருத்துவர். வேகம் சார் அவர்கள் வருவதற்கு முன்பே அமைப்பை மாற்றி, மாற்றிய தடத்தையும் துடைத்துவிட்டார். இப்போது திரை மறுபடி நத்தைதான். "ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் சார், மெதுவாத்தான் போகும்" என்று அவர்களிடம் சொன்னார். கைதட்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். நடுவில் கொஞ்ச நாள் வேகமாக இருந்தது, ஏன் என்று தெரியாது என்றார்கள்.

நான் எழுந்து சொன்னேன், அண்ணா. கேட்காமலே எழுந்தேன். செத்த பேட்டரி, அழுத்திய அமைப்பு, திரையின் பொய், எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளியில் மனப்பாடப் பாட்டுக்குக்கூட எழுந்து நிற்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கோவையாகச் சொன்னேன். மருத்துவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு, இவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் யாருக்கும் சொல்லவில்லையா என்று கேட்டார். கொள்முதல் அதிகாரியிடம் மார்ச் மாதமே சொல்லியாகிவிட்டது என்றேன். அதைத்தான் நான் நம்பியிருந்தேன். அங்கேயே போன் போட்டார்கள், ஸ்பீக்கரில்.

"பேட்டரியா? எங்கிட்டயா? யாரு சொன்னது?" என்றது உன் பின்சீட்டு. அப்புறம் சிரித்தார்.

யார் மூலமாகச் சொன்னாய் என்று கேட்டார்கள். என் வாயில் உன் பெயர் வரவில்லை. தலை குனிந்துகொண்டேன். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "அப்ப மத்ததும் இதே மாதிரிதானேம்மா?" என்று கேட்டார். திட்டவில்லை. இரக்கமாகத்தான் கேட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

பொய் சொல்கிற பெண் என்று ஆகிவிட்டேன். அதோடு அக்காவின் கதையும் முடிந்தது. ஜூன் 24 கடைசி அமர்வு. வேலையிலிருந்து நீக்கி, எல்லா ஆய்வகங்களுக்கும் பெயரைத் தெரிவிப்பார்களாம். அதன்பின் எங்கும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

நீ எந்த நாளில், என்ன வார்த்தையில் சொன்னாய்? அவர் என்ன வார்த்தையில் பதில் சொன்னார்? அப்படியே எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் தங்கை

ஜூன் 8

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அண்ணன் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். அவர் எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவர் மார்ச்சில் சொல்லவில்லை. ஏப்ரலிலும் சொல்லவில்லை. காலையில் குளிக்கும்போது, 'சார், என் தங்கச்சி ரத்த வங்கியில வேலை பாக்குறா சார்' என்று வாளியிடம் சொல்லிப் பார்ப்பார். நான் வெளியே நின்று சிரித்திருக்கிறேன். சாயங்காலம் வந்து, இன்றைக்கு மூடு சரியில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்பார். எப்படியும் சொல்லத்தானே போகிறோம், அதுவரை நீ ஏன் கவலைப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டதாக முன்னாலேயே உனக்கு எழுதிவிட்டார். எழுதின பிறகு அவசரம் போய்விட்டது. அதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பட்டியலில் இவர் பெயர் இருக்கிறது. ஆணைதான் இன்னும் கைக்கு வரவில்லை.

அன்றைக்கு உங்கள் குழு போன் செய்தபோது வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் இவர்தான். பின்சீட்டில் அதிகாரி சிரித்தாராம். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதேம்மா.

அண்ணி

ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் இடுப்புக்கு இப்போது எப்படி? அண்ணி எனக்கு எழுதியதற்காக அவளை ஒன்றும் சொல்லாதே. அவள் எழுதாவிட்டால் நான் இன்னும் உன் பதிலுக்காகத் தபால்பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலு தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். நான்கூட இப்படியெல்லாம் எழுதுவேனா என்று எனக்கே ஆச்சரியம். 'சொல்லவில்லை' என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேன். வேகம் சார் தடுத்தும் மேலே எழுதியிருப்பேன். அக்கா தன் சிவப்புச் சீட்டை உள்ளே வைத்திருக்க மாட்டார். நீ சொல்லாமல் இருந்ததைவிட, சொல்லிவிட்டேன் என்றதுதான் எங்களைக் கவிழ்த்தது. டிஸ்க்கின் மேல்கூட எனக்குக் கோபம் இல்லை. அதற்கு அப்படிச் சொல்ல ஒருவர் உத்தரவு போட்டார். உனக்கு யார் போட்டது?

நேற்று அக்காவின் வீட்டுக்குப் போனேன். உன்னைப் பற்றி அவரிடம் சொல்லத்தான் போனேன். ஆய்வக அங்கியைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மூத்த பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எங்கம்மா மறந்துட்டாங்களாக்கா? நெஜமாவே?" என்று மெதுவாகக் கேட்டாள். வீட்டிலேயே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அது அக்காவின் காதிலும் விழுந்தது. துணியை உதறிக்கொண்டே, "நான்தான் சரியாப் பாக்கலையோ என்னவோ" என்றார். தன் கண்ணையே அவர் நம்பாமல் போய்விட்டார், அண்ணா. நான் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்தேன். உன்னை அவர் திட்டவில்லை. டிரைவருக்கு நிரந்தரம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் எனக்குப் பதிலாகப் பேசவில்லை. நான் முடித்ததும், "நீ என்ன நெனைக்கிறயோ அதை அவனுக்கு எழுது" என்றார். அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

என் பிப்ரவரிக் கடிதத்தை அனுப்பட்டுமா என்று கேட்பாய். வேண்டாம். தாள்தானே, நேற்று எழுதியது என்பார்கள். குழுவுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஆள் வேண்டும். பேட்டரி செத்துவிட்டது, அமைப்பை மாற்றிவிட்டார்கள் என்று விபத்துக்கு முன்பே என் தங்கை என்னிடம் சொன்னாள், மேலே சொல்லாதவன் நான் என்று ஒருவர் எழுந்து சொன்னால், நான் பொய் சொல்லவில்லை என்று ஆகும். நான் பொய் சொல்லவில்லை என்றால் அக்காவும் சொல்லவில்லை.

ஆணை இன்னும் உன் கைக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். நீ இதைச் சொன்னால் அது வராமலே போகலாம். இருக்கிற வேலையும் போகலாம். பின்சீட்டு அதற்குமேல் உன்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கலாம். தெரிந்துதான் கேட்கிறேன். பிறந்ததிலிருந்து உன்னிடம் நான் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே நீ செய்துவிடுவாய். அதனால் எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

24ஆம் தேதி காலை பத்து மணிக்கு, ரத்த வங்கியின் முதல் மாடியில் அமர்வு. படி ஏறியதும் இடது பக்க அறை. அண்ணா, நீ அங்கே வந்து சொல்ல வேண்டும்.

வருகிறேன் என்று பதில் எழுதாதே. வா.

உன் தங்கை